மேட்டுத் தெருவின் வளைவு

கிருஷ்ணகிரி நகராட்சிப் படத்தில்
மேட்டுத் தெரு பதினான்கு அடி.
இருபது வருடம் முன்பு நானே வரைந்தது.
இரண்டு கோடு, இரண்டும் நேர்கோடு.
மலையடிவாரம் என்பதால் வேறு யாரும்
அதைக் கேட்டு வந்ததில்லை.

போன ஆடியில் விடிவதற்கு முன்
கிரானைட் பாளம் ஏற்றிய லாரி ஒன்று
முனிரத்தினம் வீட்டு மூலையில் சிக்கி நின்றது.
டிரைவர் நாமக்கல்காரர். இறங்கி போனைக் காட்டினார்:
"இப்படித்தாங்க போகச் சொல்லுது."
நீலக் கோடு
முனிரத்தினத்தின் சமையலறையை ஒட்டிப் போயிருந்தது.
உள்ளே அவர் மனைவி
இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

சுங்கச்சாவடியில் வண்டி தேங்கினால்
யாரும் தொடாமலே கோடு
இந்தப் பக்கம் சாயும் என்று
பிறகுதான் புரிந்தது.
தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும்.
இதற்கு நேரம்தான் பள்ளம்.
ஆறு நிமிடம் மிச்சம் என்றால்
மேட்டிலும் ஏறும்.

மதில் மூன்று முறை விழுந்தது.
மூன்று முறையும் நூல் பிடித்து நேராகக் கட்டினார்.
நாலாவது முறை கொத்தனார் நூலை எடுக்கவே இல்லை.
உள்ளங்கையால் தடவித் தடவி
மூலையை மழுக்கிவிட்டான்.
"லாரிக்கு இடம் விட்டா
லாரி நமக்கு இடம் விடும் சார்."

எதிர்வீடு பார்த்தது, அதுவும் வளைந்தது.
ஃபயாஸ் தன் கடைப் படியில் இரண்டை உடைத்தார்.
மாரியம்மன் பலிபீடம் மட்டும் நகர மறுத்தது.
அதற்கு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

அப்புறம் பஞ்சர் கடை.
விடிய விடியப் பரோட்டா.
ராயக்கோட்டைத் தக்காளி வண்டிகளுக்கு
எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தர ஒரு பெண்.
அப்புறம், பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஷட்டர்.
உள்ளே விளக்கு, அலமாரி, பருப்பு, ஷாம்பு,
எல்லாம் விற்பனைக்கு.
வாங்கப் போனால் இடுக்கில் ஒரு பையன்:
"இது கடை இல்லக்கா, ஆர்டர் போடுங்க."
எதிர்வீட்டு லலிதா வாசலில் நின்றபடியே போட்டாள்.
துவரம்பருப்பு
தெருவைக் கடக்கப் பதினொரு நிமிடம் ஆனது.
மதிப்பெண் கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள்.

சதுர அடி விலை ஏறி,
பத்திரம் எழுதுகிறவர்
"மெயின் ரோடு மாதிரி" என்று எழுதத் தொடங்கியபோது
ஆணையர் என்னைக் கூப்பிட்டார்.
புதுப் படம் வேண்டுமாம்.
நானும் திம்மப்பனும் நாடாவோடு போனோம்.

நாடா நேரானது. தெரு அப்படி இல்லை.
எந்தப் பொறியாளரும் வரையாத,
எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் ஆகாத வளைவு,
எருமைக் கழுத்துபோல் வழவழப்பாக.
தொட்டுப் பார்த்தேன்.
கையெழுத்தை மட்டும் காணோம்.

அளந்து முடித்த வாரம்
ஒரு லாரியும் வரவில்லை.
மறுநாளும் இல்லை.
பரோட்டா மாஸ்டர் மாவைப் போர்த்திவிட்டு
போனைத் திறந்து பார்த்தார்.
கோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தது.
அறிவிப்பு ஒட்டாமல்,
ஆட்சேபணைக்கு முப்பது நாள் கொடுக்காமல்.
ஒரு தெருவை மூட
எங்களுக்கு எத்தனை கோப்பு வேண்டியிருக்கிறது!

முனிரத்தினம் மூன்று மணிக்கு
இன்னும் விழித்துக்கொள்கிறாராம்.
மதில் அதிரவில்லையே என்று.

பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்,
வளைவில் பந்தை ஓங்கி அடித்தால்
சுவரோடு சுற்றி அடுத்த மூலைவரை போகிறது.

படத்தின் ஓரத்தில் குறிப்புக் கட்டம் ஒன்று உண்டு.
வளைவுக்குக் காரணம் எழுத வேண்டும்.
"நீர்வழி" என்று எழுதினேன். அடித்தேன்.
"போக்குவரத்து" என்று எழுதினேன்.
எந்தப் போக்குவரத்து என்பார்கள்.
கட்டம் இன்னும் காலி.

இன்று காலை ஏரிக்கரை வழியாக வந்தேன்.
புதிதாக வீடு கட்டுகிறவர்
மதிலுக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.
மூலையில் முளைக்குச்சி, இறுக்கிக் கட்டிய நூல்.
அவ்வளவு நேராக.

வண்டியை நிறுத்தினேன்.
"என்ன மேடம், அளவு சரிதானே?" என்றார்.


சரிதான்.